பொருள்: மட்டி – நச்சு – தொடர்பாக

கடல் சிவந்தது. இதில் கடலின் மீது எந்தத் தவறும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் தண்ணீரில் எப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கின்றன. வெயிலும் சத்தும் தோதாகக் கிடைத்தால் அவை தாறுமாறாகப் பெருகும். சில வகை தண்ணீரையே சிவப்பாக்கிவிடும். அதிலும் சில வகை விஷம். அந்தத் தண்ணீரை நாளெல்லாம் உறிஞ்சி வடிகட்டித் தின்பது இரண்டு ஓட்டுக்குள் கிடக்கும் மட்டி. மட்டிக்கு ஒன்றும் ஆகாது. மட்டியை எடுத்து வேகவைத்துத் தின்கிற நமக்குத்தான் முதலில் உதடு மரக்கும், பிறகு நாக்கு, பிறகு விரல் நுனி, கடைசியாக மூச்சு. எவ்வளவு வேகவைத்தாலும் இந்த விஷம் போகாது. வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது.

இதையெல்லாம் கவனித்துக்கொள்வதற்காகவே எங்கள் ஊரில் கரையோர உணவுக் காப்பு ஆணையகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. கடலைப் பார்த்த கட்டடம். ஆணையரின் அறை உச்சி மாடியில். அங்கிருந்து கடல் முழுவதும் தெரியும் என்பதற்காகவே கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். குளிர்சாதனம் போட்டிருப்பதால் திரையை இழுத்து மூடிவிட்டார்கள். ஆய்வகம் கீழே, மாடிப்படிக்கு அடியில். அங்கே ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி, ஓர் ஆய்வாளரம்மா. கடல் சிவந்திருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது, ஏனென்றால் ஜன்னலே இல்லாத அவள்தான் வெளியே போய்ப் பார்த்தாள்.

மட்டிகளை அள்ளி வந்து சோதித்தாள். சோதித்தவள் பதறிப்போய் அன்றைக்கே அறிக்கை எழுதினாள். "இப்பகுதி மட்டிகளில் நச்சு அளவுக்கு மீறி உள்ளது. பெரிய மட்டிகளில் மிகுதி, சின்ன மட்டிகளில் சற்றுக் குறைவு. மட்டிகளை உடனே தடைசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் நேரும்." பிழையில்லாத அறிக்கை. அந்தப் பிழையின்மைதான் அவளைக் கவிழ்த்தது.

ஆணையர் உள்நாட்டுக்காரர். மட்டி என்ற சொல்லை அவர் மடையன் என்கிற வசவாக மட்டுமே அறிந்தவர். முந்தைய அலுவலகத்தில் அவருடைய காரின் பின்கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். விசாரணைக் குழு அமைத்தார். ஆதாரம் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகக் காரைக் கழுவக் கூடாது என்று உத்தரவிட்டார். விசாரணை முடியும்வரை அந்தச் சொல்லோடுதான் ஊரெல்லாம் போய்வந்தார். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

அறிக்கையைப் படித்து முடித்து அவளைக் கூப்பிட்டார்.

"யாரைச் சொல்றீங்க?"

"மட்டியைத்தான் சார்."

"அது தெரியுது. எந்த மட்டி?"

"நம்ம கரையில இருக்கிற எல்லா மட்டியும் சார்."

"இந்த ஆபீஸ் கரையிலதாம்மா இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரிய மட்டின்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு?"

"பெரிசா இருக்கும் சார். ரொம்ப நாளா ஒரே இடத்துல இருந்து ஊறினது."

கதவருகே நின்ற தலைமை எழுத்தர் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அது என்ன வேலை பார்க்கும்?"

"ஒரு வேலையும் பார்க்காது சார். இருந்த இடத்தை விட்டு அசையாது. வர்றதையெல்லாம் உள்ள வாங்கிக்கும். வேண்டியதை வச்சுக்கிட்டு மத்ததை வெளிய தள்ளிடும். ஏதாவது சத்தம் கேட்டா டக்குனு மூடிக்கும்."

பாவம், அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. ஆணையர் டக்கென்று கோப்பை மூடினார். இந்த அலுவலகத்தின் எந்தக் கோப்பிலும், கடிதத்திலும், பேச்சிலும் இனிமேல் அந்தச் சொல் இடம்பெறக் கூடாது என்றும், தகுந்த மாற்றுச்சொல் கிடைக்கும்வரை எச்சரிக்கை நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் அங்கேயே ஆணை பிறந்தது.

ஊர் எக்கேடு கெட்டாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் வீட்டில் மாமனார் இருந்தார். அவருக்கு மட்டி என்றால் உயிர். இப்போது அது உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

மாமனார் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். குளிர்பெட்டிக் கதவில், "பால் இல்லை. ஆவன செய்யவும்" என்று எழுதி ஒட்டி, கீழே ஒப்பமிடுவார். தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கரைச் சந்தைக்குப் போய் அவரே மட்டி பொறுக்கி வாங்கி வருவார். மிளகு போட்டு வேகவைத்து ஒரு கிண்ணம். அது இல்லாமல் அவருக்கு மதியச் சோறு இறங்காது.

"மாமா, மட்டி வேண்டாம். விஷம் ஏறியிருக்கு. நானே சோதிச்சுப் பார்த்தேன்."

"உத்தரவு வந்திருக்காம்மா?"

"இன்னும் வரல. ஆனா நான்தானே மாமா சொல்றேன்?"

"நீ சொல்றது தகவல். தகவலுக்கும் உத்தரவுக்கும் வித்தியாசம் இருக்கு. எண், நாள், கையெழுத்து, முத்திரை. நாலும் இருந்தா நான் மட்டியைக் கண்ணாலயும் பார்க்க மாட்டேன். வாயால சொன்னதுக்கெல்லாம் கட்டுப்பட்டிருந்தா நான் எப்பவோ ஜெயிலுக்குப் போயிருப்பேன்."

அவள் கணவனிடம் முறையிட்டாள். கணவன் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். அவன் வண்டி எப்போதும் பளபளவென்று இருப்பதற்குக் காரணம் அந்த வீட்டில் நடக்கும் வாக்குவாதங்கள்தான்.

மாமனாரை அவளுக்கு உண்மையாகவே பிடிக்கும். கல்யாணம் ஆன புதிதில், மருமகள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று உறவுக்காரர்கள் கூடி முணுமுணுத்தபோது, "போகலாம் என்று இதன்மூலம் ஆணையிடப்படுகிறது" என்று எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டியவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கிண்ணம் மட்டிக்காகச் சாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் திருடத் தொடங்கினாள்.

ஆய்வகக் குளிர்பெட்டியில், கடல் சிவப்பதற்கு முன்னால் எடுத்து உறையவைத்த நல்ல மட்டிகள் கொஞ்சம் இருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தவை. மாமனார் பையை அடுக்களையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதும், விஷ மட்டியை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நல்ல மட்டியை அவருடைய பையில் கொட்டினாள். விஷ மட்டியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள். தினமும் தவறாமல் மாதிரி சேகரிப்பதற்காக அலுவலகத்தில் அவளுக்குப் பாராட்டுக் குறிப்புகூட வந்தது.

"இன்னிக்கு மட்டி என்னம்மா இப்படி ஜில்லுனு இருக்கு?"

"கடல் ஜில்லுனு இருக்கு மாமா."

"அப்படியா? சிவப்பா இருக்கேன்னு சூடா இருக்கும்னு நினைச்சேன்."

குளிர்பெட்டியில் மட்டி குறைந்துகொண்டே வந்தது. அது தீர்வதற்குள் உத்தரவு வந்தாக வேண்டும்.

மாற்றுச்சொல் காண்பதற்கான கூட்டம் கூடியது. சொல்லாக்க அலுவலர் தடித்த அகராதிகளோடு வந்திருந்தார். முதலில் 'சிப்பி' என்றார். சிப்பி, சங்கு ஆகியவை கைவினைத் துறையின் எல்லைக்குள் வருபவை, நாம் விஷம் என்றால் அவர்கள் வழக்குப் போடுவார்கள் என்று தலைமை எழுத்தர் சொன்னார். அடுத்துச் சொல்லாக்க அலுவலர் 'ஓட்டு உயிரி' என்றார்.

"ஓட்டு உள்ள உயிரிகளிடம் விஷம் இருக்குன்னா, வாக்காளர்களைச் சொல்றோம்னு ஆயிடாதா?" என்றார் ஆணையர். அந்தத் தாள் அப்போதே கிழிக்கப்பட்டது.

"இரண்டு ஓடும் இதழ் மாதிரி திறந்து மூடுது. அதனால ஈரிதழ்னு வைக்கலாம் சார்" என்றார் சொல்லாக்க அலுவலர்.

"ஈரிதழ்." ஆணையர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். "ஈரிதழ். நல்லா இருக்கே. கேட்டாலே மனசுக்குள்ள ஏதோ பண்ணுது."

"சார், இது யாருக்குமே புரியாதே. சந்தையில போய்க் கேட்டா..." என்று ஆய்வாளரம்மா எழுந்தாள்.

"புரியாத சொல்லுக்குத்தான்மா மரியாதை" என்றார் சொல்லாக்க அலுவலர். "தவிர, சொல் என்னோட பொறுப்பு. பொருள் வேற பிரிவு."

மறுநாளே கடற்கரை நெடுகப் பலகைகள் நட்டார்கள். சிவப்பு எழுத்து, கறுப்புக் கட்டம், பக்கத்தில் மண்டையோடு. "எச்சரிக்கை! இக்கடற்கரையில் ஈரிதழ்களில் கடுநஞ்சு பரவியுள்ளது. ஈரிதழ் சுவைத்தல் அறவே தடைசெய்யப்படுகிறது. மீறிச் சுவைப்போருக்கு முதலில் உதடுகள் மரத்துப்போகும்."

இதை நீங்களும் நானும் எப்படிப் புரிந்துகொள்வோமோ அப்படியேதான் ஊரும் புரிந்துகொண்டது. கடற்கரைக் காவலர் ஊதலை எடுத்துக்கொண்டு, மணலில் நெருங்கி உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமெல்லாம் ஓடினார்.

"யோவ், போர்டைப் படிக்கலையா? தள்ளி உட்காரு!"

"சார், நாங்க கல்யாணம் ஆனவங்க."

"விஷத்துக்கு அது தெரியுமா?"

சேதி பரவியதும் வெளியூரிலிருந்து ஜோடி ஜோடியாக வந்து இறங்கினார்கள். தடை என்றால் என்ன என்று சோதித்துப் பார்க்கும் ஆர்வம். சிவப்புக் கடலுக்கு முன்னால் சிவப்பு உடையில், பலகை தெரியும்படி நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் அந்தப் பருவத்தின் நாகரிகம் என்று ஆகிவிட்டது. வெயிலில் நின்றால் பசிக்கும். கடற்கரையில் பசித்தால் என்ன கிடைக்கும்? மட்டி கிடைக்கும். தள்ளுவண்டிகளில் மட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு வாங்கி, முதலில் படம் எடுத்து, நாலு மட்டிக்கு மேல் தின்னாமல் மீதியை வைத்துவிட்டுப் போவதுதான் இப்போதைய நாகரிகம் என்பதால் அவர்கள் உயிர் பிழைத்தார்கள். உதடு மட்டும் மரத்தது. "அட, போர்டுல சொன்ன மாதிரியே இருக்கே!" என்று ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். ஊர் மருத்துவர் உதடு மரத்து வந்த தம்பதிகளைத் தனித்தனி அறையில் படுக்கச் சொல்லி அனுப்பினார். ஊர்க்காரர்கள் குழம்புக்கு நாலைந்து மட்டிக்கு மேல் போடுவதில்லை என்பதால் இதுவரை அவர்களும் உதடு மரத்ததோடு தப்பினார்கள்.

ஆய்வாளரம்மா உத்தரவின் நகலை மாமனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். எண், நாள், கையெழுத்து, முத்திரை, நாலும் இருந்தன. அவர் படித்தார். காது நுனி சிவந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதை நீ என்கிட்ட காட்டியிருக்க வேண்டாம்மா."

"இல்ல மாமா, இது உங்களுக்காகத்தான்..."

"உங்க அத்தை போனதுக்கப்புறம் இதெல்லாம் எனக்குப் பொருந்தாது. இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான். கீழ்ப்படியறேன்." ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி ஒப்பமிட்டார். "மட்டி வெந்துடுச்சா?"

"மாமா! ஈரிதழ்னா மட்டிதான் மாமா!"

"அப்படின்னு இதுல எங்க இருக்கு? உத்தரவை அவங்கவங்க இஷ்டத்துக்கு வியாக்கியானம் பண்ணக்கூடாதும்மா. தெளிவுரை கேட்டு எழுது."

அவள் தலைமை எழுத்தரிடம் ஓடினாள். அவர் மனது வைத்தால் எதுவும் நடக்கும் என்பார்கள். அவர் மனது வைத்து யாரும் பார்த்ததில்லை.

"'ஈரிதழ் என்றால் மட்டி'ன்னு ஒரே ஒரு வரி போட்டா போதும் சார்."

"தாராளமா போடலாம்மா. கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துட்டா இன்னிக்கே போட்டுடலாம்."

"எடுத்துட்டா 'ஈரிதழ் என்றால்'னு அந்தரத்துல நிக்குமே?"

"நிக்கட்டுமே. மேல் நடவடிக்கையில இருக்குன்னு அர்த்தம்."

அப்படியே வெளியிட்டார்கள். "ஈரிதழ் என்றால்." அவ்வளவுதான், முற்றுப்புள்ளி வைத்து, முத்திரையும் குத்தி. மாமனார் அதைப் படித்துவிட்டு, தன் பணிக்காலத்தில் இவ்வளவு கச்சிதமான தெளிவுரையைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

அன்று காலை குளிர்பெட்டியிலிருந்த கடைசிப் பிடி மட்டியை அவள் எடுத்தாயிற்று. அதே மாலையில் கடற்கரையில் பாராட்டு விழா. ஊருக்கு இத்தனை கூட்டத்தை வரவழைத்ததற்காக ஆணையருக்கு மாலை, கேடயம், ஒலிபெருக்கி. மேடையில் ஆளுக்கொரு தட்டு வைத்தார்கள். தட்டு நிறைய வேகவைத்த மட்டி, வாயைத் திறந்துகொண்டு. ஆணையர் மட்டியை வாழ்நாளில் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார்.

"இது என்னய்யா?" என்று தலைமை எழுத்தரைக் கேட்டார்.

தலைமை எழுத்தருக்கு வியர்த்தது. "அது... சொல்லக்கூடாத சொல் சார்."

"அவ்வளவு கெட்ட வார்த்தையா? ருசி நல்லாத்தானே இருக்கு!" என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு ஓடி வந்தாள் ஆய்வாளரம்மா. மூச்சு வாங்கியது. வந்த வேகத்தில் நின்றது ஒலிபெருக்கிக்கு முன்னால்.

"சார்! மட்டி!"

கடற்கரை முழுவதும் ஆணையரைப் பார்த்தது. ஆணையரின் தாடை நின்றது.

"யாரைம்மா சொன்னே?"

"உங்களைத்தான் சார்! உங்க வாயில இருக்கே, மட்டி! மட்டியில விஷம் இருக்கு, மட்டியைத் தின்னாதீங்க!"

ஆணையர் அந்த மேடையிலேயே, அந்தக் கேடயத்தின் மேல் தாளை வைத்து, பணிநீக்க ஆணையைச் சொல்லச் சொல்லத் தலைமை எழுத்தர் எழுதினார். பேச்சு கொஞ்சம் குழறியது. உதடு மரத்திருந்தது. கோபத்தால் என்று நினைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் விரல் பேனாவை விடவில்லை. அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை மாமனார் பை நிறைய மட்டியோடு அடுக்களையில் நின்றார். அவளிடம் மாற்றிப் போட ஒன்றும் இல்லை. பையை மறைத்துக்கொண்டு அவர் எதிரில் நின்றாள். அந்த நேரத்தில் அலுவலகப் பணியாள் வந்து உறையை நீட்டினார். மாமனார் அதை நின்றபடியே படித்தார்.

"பொதுமக்கள் முன்னிலையில் ஆணையரை நோக்கி, 'மட்டி! மட்டியில் விஷம் இருக்கிறது, மட்டியைத் தின்னாதீர்கள்!' எனக் கூச்சலிட்டமைக்காக, ஆய்வாளர் உடனடியாகத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்."

"எண் இருக்கு" என்றார் மாமனார். "நாள் இருக்கு. கையெழுத்து கோணலா இருந்தாலும் இருக்கு. முத்திரையும் இருக்கு. மட்டியில் விஷம் இருக்கிறது, மட்டியைத் தின்னாதீர்கள். இதைத்தானேம்மா நான் இத்தனை நாளா கேட்டேன்?" பையை வாங்கி அப்படியே குப்பையில் கவிழ்த்தார். அதற்குப் பிறகுதான் மீதி வரி அவருக்கு உறைத்தது. "ஐயோ, உன் வேலை போச்சாம்மா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மருமகள் அழுதாள். வேலை போனதற்கா, மாமனார் பிழைத்ததற்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த ஆணையின் நகல் அலுவலக வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. ஊரே வந்து படித்தது. பலகைக்கும் மண்டையோட்டுக்கும் அசையாத ஊர், ஒருத்திக்கு வேலை போயிற்று என்றதும் நம்பிவிட்டது. விஷயம் உண்மையாக இல்லாவிட்டால் வேலையை விட்டுத் தூக்குவார்களா என்று பேசிக்கொண்டார்கள். எல்லோர் வீட்டிலும் மட்டி நின்றது. தள்ளுவண்டிக்காரர்கள் மட்டியை விட்டுவிட்டு வேர்க்கடலைக்கு மாறினார்கள்.

இத்தோடு கதை முடிந்திருக்கும், ஆணையர் நல்ல மனிதராக மாறித் தொலைக்காமல் இருந்திருந்தால். இன்னும் ஒரு தட்டு தின்றிருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் அவர் உருகிவிட்டார். குணமாகி வந்ததும் முதல் வேலையாக ஒரு கையெழுத்துப் போட்டார்: "மேற்கண்ட ஆணை முழுமையாக ரத்து செய்யப்படுகிறது."

"சந்தோஷம்மா, ரொம்பச் சந்தோஷம்!" என்றார் மாமனார் கண் கலங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார். "முழுமையாக ரத்துன்னா மட்டிக்கும் சேர்த்துதான்."

"மாமா, கடல் இன்னும் சிவப்பாத்தான் இருக்கு!"

"கடல் சிவப்பா இருக்கலாம். ஆணை ரத்து."

அவரைக் கொஞ்சம் நிறுத்திவைக்கும்படி கணவனிடம் கெஞ்சிவிட்டு அவள் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், ரத்தை ரத்து பண்ணுங்க. என்னை மறுபடி சஸ்பெண்ட் பண்ணுங்க."

"உயிரைக் காப்பாத்தினவங்களை எப்படிம்மா?"

"மட்டி!" என்றாள்.

ஆணையர் புன்னகைத்தார். "எனக்கு இப்போ கோபமே வரலம்மா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நிறைய யோசிச்சேன். பார்க்கப்போனா நாம எல்லாருமே மட்டிதான்."

"அப்போ மட்டியில விஷம்னு நேரடியா ஒரு உத்தரவு போடுங்க சார்."

"அதெப்படி? ஈரிதழ் உத்தரவு நடைமுறையில இருக்கே. ஒரே பொருளுக்கு ரெண்டு உத்தரவுன்னா தணிக்கையில மாட்டிக்குவேன். அதை எடுக்கலாம்னா கூட்டம் நின்னுடும், குடுத்த கேடயத்தைத் திருப்பிக் கேப்பாங்க. கொஞ்சம் பொறுமையா..."

பொறுமை அவளுக்கு அங்கேதான் தீர்ந்தது. "யோவ், வெங்காயம்!" என்றாள்.

இதற்கு ஆணையர் ஆஸ்பத்திரியில் யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். பணிநீக்கம் மறுபடி பிறந்தது. போன முறை நீளமாக எழுதியதால் ஊரெல்லாம் நகல் கேட்டுத் தொல்லை செய்தது என்பதால், தலைமை எழுத்தர் இந்த முறை சுருக்கமாக முடித்தார்: "ஆணையரை 'வெங்காயம்' எனக் கூறியமைக்காக ஆய்வாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்."

ஆணை வாசலில் ஏறியதும் ஊர் கூடிப் படித்தது. அவள் வீடு திரும்புவதற்குள் தெருவில் வீட்டுக்கு வீடு வெங்காயம் வந்து விழுந்துகொண்டிருந்தது. சமைத்து வைத்ததையும் சட்டியோடு கொட்டினார்கள். இருந்த வெங்காயத்தையெல்லாம் வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மட்டி வாங்கப் பையோடு கிளம்பினார்கள்.

மாமனாரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கணவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெங்காயமும் போச்சு, என்ன பண்றது. ஆனா மட்டியைப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்லம்மா. நான் நல்லாப் பார்த்துட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, எனக்கு அப்பா மாதிரி நீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். என் மேல இருக்கிற அன்புக்காகவாவது விட்டுடுங்க."

கிழவர் மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். "அன்பு சரிம்மா. எண் என்ன, நாள் என்ன?"

அவள் ஒரு தாளை இழுத்து எண் போட்டாள், நாள் போட்டாள். மாமனார் மட்டி தின்னக் கூடாது என்று ஆய்வாளரால் ஆணையிடப்படுகிறது என்று எழுதி, ஒப்பமிட்டு, தன் பையில் கிடந்த ஆய்வக முத்திரையையும் ஓங்கிக் குத்தினாள். அவர் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கே. ஆனா நீ சஸ்பென்ஷன்ல இருக்கியேம்மா. செல்லாது."

பையை ஆட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். தெரு முழுக்க ஆட்கள் சந்தையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அவள் வாசலில் நின்று பார்த்தாள். அப்புறம் அவளால் முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அட மட்டிகளா!"

தெரு அப்படியே நின்றது. ஒவ்வொருவரும் திரும்பி, தனக்குப் பின்னால் வந்தவரைப் பார்த்தார். கடைசியாக வந்தவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் மாமனார்.

"என்னையாம்மா சொன்னே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் பை இன்னும் அவர் கையில் இருந்தது. "ஆமாம் மாமா. உங்களைத்தான். எல்லாரையும்தான்."

பை கீழே விழுந்தது. முப்பத்தைந்து வருஷப் பணியில் அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. உதடு துடித்தது. மரத்ததால் அல்ல.

"எழுத்துல கொடு" என்றார்.

அதே தாளைத் திருப்பி, "என் மாமனாரும் இந்தத் தெருவும் மட்டிகள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அழுதுகொண்டேதான் எழுதினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"இது செல்லும். அவமதிக்கிறதுக்குப் பணியில இருக்கணும்னு விதி இல்லை."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புகார் கொடுக்க ஆணையகத்தைப் பார்த்து நடந்தார். மனம் புண்பட்ட தெரு முழுவதும் சாட்சி சொல்ல அவர் பின்னால் போனது. அன்று பகல் முழுக்க எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் மட்டி வேகவில்லை. ஆணையகத்தின் வாசலிலிருந்து கடற்கரைவரை வரிசை நின்றது. புகார்களை ஒவ்வொன்றாகத்தான் வாங்கினார்கள்.

நான் அந்தத் தெருக்காரன் இல்லை, அவள் கத்தியது என் காதில் விழவும் இல்லை. ஆனாலும் போய் வரிசையில் நின்றேன். என்னைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.